ஏலத்துக்கு வந்த ரோஸ் பர்பி

அன்று எங்கள் கோயிலில் கைதட்டியவர்களில் பாதிப்பேர் இப்போது கர்த்தருக்குள் நித்திரை அடைந்துவிட்டார்கள். போனவர்களைப் பற்றிக் கோபமாக எழுதக்கூடாது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். நான் எழுதத்தான் போகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், அழகாக எழுத வராது. ஆனால் விடிகாலையில் ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் இந்த ஒரு விஷயம் வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. ஆண்டவரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். இனி மனுஷரிடமும் சொல்லிவிடலாம்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாகப் போர்ஷன்கள், எல்லாருக்கும் ஒரே கிணறு. என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை. அடுத்த போர்ஷனில் ஒரு அக்கா. உடன்பிறந்தவள் இல்லை, அக்கா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவள் புருஷன் திரிசூலத்துக் கல்குவாரியில் வேலை செய்தவர். பாறை சரிந்து இடுப்பில் அடிபட்டதிலிருந்து கட்டிலோடு கிடந்தார். ரெண்டு பெண் பிள்ளைகள். அந்தக் குடும்பம் ஓடினது தேங்காய் பர்பியில்.

கீழே வெள்ளை, மேலே ரோஸ். ரெண்டு அடுக்காக ஊற்றிய பர்பி. ஸ்டேஷன் பக்கத்துக் கடைகளில் கண்ணாடி ஜாடியில் அதுதான் இருக்கும். காசநோய் சானடோரியத்தில் சொந்தக்காரர்களைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் சபையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் அக்காவிடம் ஒரு தாம்பாளம் சொல்லிவிடுவது வழக்கம். என் மூத்தவனுடைய ஞானஸ்நானத்துக்கும் அதேதான். ஐயர் முதல் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டுதான் போட்டோவுக்கு நின்றார். ஐயர் என்று நாங்கள் சொல்வது எங்கள் போதகரை.

ஒருநாள் பகல் நேரத்தில் ஃபுட் இன்ஸ்பெக்டர் வந்தார். கூட ஒரு பியூன், கையில் பெட்டி. ஸ்டேஷன் கடையில் ஜாடியைப் பார்த்து, யார் செய்வது என்று விசாரித்துக்கொண்டு நேரே வந்துவிட்டார்கள். அக்கா அப்போதுதான் தட்டில் ஊற்றி ஆறவைத்திருந்தாள்.

"கலர் என்ன போடற?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"ரோஸ் பவுடர் சார். மார்க்கெட்டுல பொட்டலம் கட்டி விக்கிறாங்களே, அது."

"எந்தக் கம்பெனி?"

"பொட்டலத்துல கம்பெனி எங்க சார் போட்டிருக்கு? தினசரிப் பேப்பர்ல மடிச்சுத் தராங்க. சினிமா விளம்பரம்தான் இருக்கு."

சிரித்தது நான்தான். அவர் சிரிக்கவில்லை. பர்பியைக் காசு கொடுத்து வாங்கி, மூன்று பாட்டிலில் பிரித்துப் போட்டு, அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டார். பிறகு சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் தேடினார். அதற்குள் லைன் வீடு பூராவும் வாசலுக்கு வந்துவிட்டது. ஒருத்தரும் முன்னே வரவில்லை. எதிரில் தள்ளுவண்டி வைத்திருந்த இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டார்.

"நம்ம கையெயுத்த பேங்க்லயே ஒத்துக்க மாட்டான் சார். ஒரு தபா போட்ட மாரி இன்னொரு தபா வராது. உனுக்கு இன்னாத்துக்கு அது?" என்று சொல்லிவிட்டு அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். கடைசியில் பியூனே கையெழுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் கிளம்பும்போது நான் வழியில் நின்று கேட்டேன். "எந்தக் கலர் போடலாம்னு சொல்லிட்டுப் போங்க சார். அதையே போடட்டும்."

"அதைச் சொல்றது என் வேலை இல்லம்மா. சாம்பிள் எடுக்கிறதுதான் என் வேலை."

எனக்கு முதல் கோபம் வந்தது அப்போதுதான். கெட்ட கலரைத் தடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பிள்ளைகளும் தின்கிற பண்டம்தானே. தடுங்கள், நல்லது. எது கெட்டது, எது நல்லது என்று ஒரு போர்டு எழுதி மார்க்கெட்டில் மாட்டினால் கை தேய்ந்தா போகும்? சட்டத்தை எங்கேயோ இங்கிலீஷில் அச்சடித்து அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, கரி அடுப்பு ஊதுகிறவளிடம் வந்து, உனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டால் அவள் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வாள்?

அடுத்த நாள் நானும் அக்காவும் மார்க்கெட்டுக்குப் போனோம். பொட்டலம் விற்ற கடைக்காரர் எங்களைத் தூரத்தில் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரோஸ் பவுடரா? நம்ம கடையில ஏது? கோலப்பொடிதான் விக்கிறோம்."

"அண்ணா, ஆறு வருஷமா உங்ககிட்டதானே வாங்கறேன்?" என்றாள் அக்கா.

"அப்ப ஆறு வருஷமா கோலப்பொடிதான் வாங்கியிருக்கீங்க."

எனக்கு அந்தத் தராசைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போல இருந்தது. சத்தம் போட்டுவிட்டு வந்தேன். என்ன பிரயோஜனம். அவர் கடையில் ஒரு இன்ஸ்பெக்டரும் நுழைந்து பார்க்கவில்லை, கடைசிவரை.

பரிசோதனை முடிவு வந்தது. போடக்கூடாத கலர் என்று சொல்லிவிட்டார்கள். செங்கல்பட்டுக் கோர்ட்டில் கேஸ். அதற்கு முன்பே ஸ்டேஷன் கடைக்காரர்கள் ஜாடியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள். என் வீட்டுக்காரர் ஆபீசில் நாலு பேரை விசாரித்து, பாரிமுனையில் கவர்ன்மெண்ட் அனுமதித்த கலர் டப்பாவில் கிடைக்கிறது என்று கண்டுபிடித்தார். நானும் அக்காவும் ரயிலேறிப் போய் வாங்கி வந்தோம். மூடி போட்ட டப்பா, அதன்மேல் முத்திரை, லேபிள். அந்த டப்பாவைக் கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டினாள் அக்கா. "சரிம்மா, கேஸ் முடியட்டும், பாக்கலாம்" என்றார்கள். கலர் போடாமல் முழு வெள்ளையாகவும் செய்து பார்த்தாள். "இது உங்க பர்பி மாதிரியே இல்லையே" என்று அதையும் வாங்கவில்லை. கலர் இருந்தாலும் வேண்டாம், இல்லாவிட்டாலும் வேண்டாம்.

அப்போதுதான் எங்கள் சபை எழுந்தது. மாதர் சங்கத்துத் தலைவி ஒரு டீச்சரம்மா. பெரிய ஸ்கூலில் வேலை, நல்ல பேச்சு. ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, "நம்ம சபை மகளுக்கு அநியாயம் நடந்திருக்கு. நாம சும்மா இருக்கலாமா?" என்று கேட்டார். ஒருத்தரும் சும்மா இருக்கவில்லை. மனு எழுதினார்கள். கையெழுத்துப் போட்டார்கள். உபவாச ஜெபம் வைத்தார்கள். நாங்கள் பெண்கள் எல்லாரும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு இன்ஸ்பெக்டரின் ஆபீசுக்குப் போனோம். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை. கர்த்தர் எங்களை ஒரே சரீரமாக வைத்திருக்கிறார் என்று வழியெல்லாம் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

அங்கே இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

"அப்ப அந்தப் பொட்டலம் வித்தவருக்கும் ஒண்ணுதானே சார்?" என்றேன் நான்.

"அது வேற செக்‌ஷன்" என்றார்.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் வெயில் தாங்காமல் நின்றோம். டீச்சரம்மா பையிலிருந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டை எடுத்து எல்லாருக்கும் கொடுத்தார். ரெண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் ரோஸ் கிரீம். அந்த ரோஸ் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அக்கா மட்டும் பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டாள், பிள்ளைகளுக்கு.

கோர்ட் தேதிக்கு முன்னால் எங்கள் அறுப்பின் பண்டிகை வந்தது. வெளியாட்களுக்கு அந்த வழக்கம் தெரியாமல் இருக்கலாம். அவரவர் வீட்டில் விளைந்தது, செய்தது, வளர்த்தது எல்லாவற்றையும் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்போம். பூசணிக்காய், வாழைத்தார், முட்டை, கோழி, ஆடு, கேக். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். ஏலம் எடுத்தவர் அந்தப் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அல்லது, காசைக் கட்டிவிட்டு, "திரும்பவும் காணிக்கை" என்று சொல்லி மேசையிலேயே வைத்துவிடலாம். வைத்தால் மறுபடியும் அதையே ஏலம் விடுவார்கள். அப்படித் திருப்பி வைப்பதுதான் எங்களில் பெரிய மனசு. ஒரு முட்டை நாலைந்து கை மாறும்.

ஐயர் அக்காவிடம் வந்து, "நீ ஒரு தட்டு பர்பி கொண்டு வாம்மா. அதுல விழற காசு உன் கேஸ் செலவுக்கு" என்றார்.

பண்டிகை அன்று காலையில் அடுப்படியில் அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "கேஸு போனா போவுது. அபராதம் எப்படியாவது கட்டிடலாம். என் கையால செஞ்சதை ஜனங்க தின்னணும், அவ்ளோதான் எனக்கு. சபையார் நாலு பேர் முன்னால தின்னுட்டாங்கன்னா, ஸ்டேஷன் கடைக்காரன் தானா வந்து கேப்பான். இல்லன்னா அடுப்பை இடிச்சுட வேண்டியதுதான்." சொல்லிவிட்டு, வாங்குகிறவர்களுக்குத் துண்டு துண்டாக மடித்துக்கொடுக்க வெள்ளைக் காகிதம் வெட்டி எடுத்துக்கொண்டாள்.

ஏலத்தில் பர்பித் தட்டு வந்ததும் ஐயர் தட்டைத் தூக்கிப் பிடித்தார். "இது அனுமதிச்ச கலர்ல செஞ்சது. டப்பாவை நானே என் கண்ணால பார்த்தேன். ஒரு தரம்!" என்றார். பந்தல் அதிர்ந்தது. இதற்கு முன்னால் ஆட்டுக்கிடாய்க்குக்கூட அப்படிக் கேட்டதில்லை. முதலில் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் எடுத்தார். எழுந்து நின்று, "திரும்பவும் காணிக்கை!" என்றார். கைதட்டல். அடுத்து ஏர்ஃபோர்ஸில் வேலை செய்கிற ஒருத்தர். "திரும்பவும் காணிக்கை!" கைதட்டல். டீச்சரம்மா எடுத்தார். அவரும் திருப்பி வைத்தார். நானும் கை வலிக்கத் தட்டினேன். என் வீட்டுக்காரர் என் காதோரம், "பாத்தியா, நம்ம ஜனங்களை" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

தட்டு மேசைக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு கையில் அந்த வெள்ளைக் காகிதக் கட்டு அப்படியே இருந்தது. ஒரு காகிதம்கூடக் குறையவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எடுத்தவர் எல்லாரும் திருப்பித்தான் வைத்தார்கள். ஒருத்தரும் ஒரு துண்டைக்கூட எடுக்கவில்லை. பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கேக்கை வெட்டிப் பந்தலிலேயே தின்றார்கள். பர்பிக்கு மட்டும் பெரிய மனசு.

கடைசியில் தட்டு மறுபடியும் டீச்சரம்மா பேருக்கே விழுந்தது. அவர் கையைத் தூக்கி, "திரும்பவும்..." என்று ஆரம்பிக்கும்போதே அக்கா மேசைக்கு முன்னால் வந்துவிட்டாள்.

"காசு வேணாம் டீச்சர். ஒரு துண்டு எடுத்துத் தின்னுங்க."

டீச்சரம்மா தூக்கிய கையை இறக்கினார்.

"எனக்கு சர்க்கரை வியாதிம்மா, உனக்குத் தெரியாதா?" என்றார் டீச்சரம்மா.

அக்கா ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினாள். அவருக்குப் பல்வலி. ஏர்ஃபோர்ஸ்காரர் மனைவியைப் பார்த்தார். மனைவி, "சாப்பாட்டு நேரத்துல இனிப்பு தின்னா வயித்துக்கு ஆகாது" என்றார். கேக் துணுக்கு அவர் சேலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அக்கா ஐயரைப் பார்த்தாள். என் மகனுடைய ஞானஸ்நானத்தில் முதல் துண்டை எடுத்த மனுஷன். "ஏலம் முடியட்டும்மா, எல்லாருக்கும் பகிர்ந்து குடுப்போம்" என்றார் அவர், கீழே பார்த்துக்கொண்டு.

நான் எழுந்து தட்டில் கை வைத்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

"நீ தின்னாதடி. நீ எப்பவும் திங்கிறவ. நீ தின்னு எனக்கு என்ன ஆகப்போவுது?"

தட்டை எடுத்துக்கொண்டு அவள் பந்தலை விட்டு வெளியே நடந்தாள். பின்னாலேயே நான் போனேன். போகிற வழியில் டீச்சரம்மாவிடம், "பயமா இருந்தா பயம்னு சொல்லியிருக்கலாமே, இத்தனை கைதட்டல் எதுக்கு?" என்று கேட்டேன். கோயில் வளாகத்தில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தடவைதான். என் வீட்டுக்காரர் சட்டை செய்யாதது போல வாழைத்தாரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கும் அவரிடம் வீட்டில் கணக்குத் தீர்த்தேன்.

கேட்டுக்கு வெளியே கறிக்கடை பாய் நின்றிருந்தார். வருஷா வருஷம் எங்கள் ஏலத்தில் கோழியும் ஆடும் எடுக்க வருகிறவர். ரெண்டு கோழியைக் காலைக் கட்டிச் சைக்கிளில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இதானா அந்தக் கேஸ் பர்பி?" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது, முகத்தில் தெரிந்தது. "ஆமா பாய். கேஸ் பர்பிதான். வேணுமா?"

"குடு. கோர்ட்டு வரைக்கும் போன பர்பி, நம்ம வாய் வரைக்கும் வராதா?" ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். இன்னொன்றை எடுத்தார். "எனுக்கு ஒண்ணும் ஆவல. மச்சான், நீயும் ஒண்ணு துன்னு பாரு. நீ செத்தா நான் மய்யத்துக்கு வரேன்" என்று பக்கத்தில் நின்ற வண்டிக்காரரிடம் நீட்டினார். சிரித்துக்கொண்டே கூட்டம் சேர்ந்தது. அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்து, சும்மா கொடுக்காமல், பழைய விலைக்கே காகிதத்தில் மடித்து விற்றாள். தட்டு காலியானது.

உள்ளே பர்பிப் பேரில் விழுந்த காசை ஐயர் மறுநாள் வீட்டுக்கே கொண்டுவந்தார். அக்கா வாங்கவில்லை. "தின்னவங்க குடுத்த காசு மட்டும் போதும் ஐயரே" என்று சொல்லிவிட்டாள். கமிட்டி கூடிப் பேசி, அந்தக் காசில் கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள்.

கோர்ட்டில் அபராதம் போட்டு, கோர்ட் கலைகிறவரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பானது. களவாணிகளோடு ஒரே பெஞ்சில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள் அவள். நான் வாசலில் வேப்பமரத்தடியில் இருந்தேன். ஆதரவு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருத்தர்கூடச் செங்கல்பட்டு வரை வரவில்லை. அபராதத்துக்குத் தன் கம்மலை விற்றாள். ஆனால் கேட் வாசலில் தின்றவர்கள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். கேஸ் பர்பி எங்கே கிடைக்கும் என்று ஆட்கள் வீடு தேடி வர ஆரம்பித்தார்கள். ஸ்டேஷன் கடைகளில் ஒன்று மறுபடி ஜாடியை நிமிர்த்தி வைத்தது.

கிறிஸ்மஸுக்கு முன் டீச்சரம்மா வந்தார். அக்காவின் அச்சுமுறுக்கு இல்லாமல் அவர் வீட்டில் பண்டிகை கிடையாது. பம்பாயில் இருக்கிற மகனுக்கு டின்னில் அடைத்து அனுப்புவார். வழக்கம்போல வாசலிலேயே நின்று, "முறுக்குல கலர் கிடையாதில்ல? அப்ப எனக்கு எப்பவும் போல சொல்லிடறேன்" என்றார்.

நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். கையை உதறிவிட்டு வந்து நின்றேன்.

"கிடையாது டீச்சர்" என்றாள் அக்கா. "ஆனா இந்த வருஷம் முறுக்கு தனியா குடுக்கறதில்ல. ஒரு துண்டு பர்பி இங்கயே தின்னுட்டுத்தான் ஆர்டர் சொல்லணும்."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல."

"எனக்குச் சர்க்கரை வியாதின்னு சொன்னேனே."

"அச்சுமுறுக்கு மாவுல நான் எவ்ளோ சீனி போடறேன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்? வருஷா வருஷம் திங்கிறீங்க."

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அக்கா நீட்டிய பர்பித் தட்டிலிருந்து ஓரத்தில் இருந்த சின்னத் துண்டாகப் பார்த்து எடுத்தார். ரோஸ் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாயில் போட்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார், ஏதோ ஆச்சரியம் போல.

"எத்தனை முறுக்கு டீச்சர்?" என்று கேட்டாள் அக்கா.

அந்த வாரம் சபையார் ஒவ்வொருத்தராக வந்தார்கள். ஹெட்மாஸ்டர் வந்தார், பல்வலி இல்லை. ஏர்ஃபோர்ஸ்காரர் மனைவி சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். எல்லாரும் தின்றார்கள். நியாயத்துக்காகத் திறக்காத வாய் முறுக்குக்காகத் திறந்தது. அக்காவுக்குக் கோபம் போய்விட்டது, முறுக்கு சுடவே அவளுக்கு நேரம் போதவில்லை. எனக்குப் போகவில்லை. நான் வாசலில் நின்று ஒவ்வொருத்தர் தொண்டையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், முழுங்குகிறார்களா என்று.